அக்காவுக்கு வைத்திருந்த பலகைகள்

பரணிலிருந்து முதல் பலகை இறங்கியபோது தூசியோடு ஒரு வாசனையும் இறங்கியது. கிராம்பை உள்ளங்கையில் நசுக்கினால் வருமே, அதுபோல. சிங்காரம் ஆசாரி பலகையைத் தோளில் தாங்கியபடி ஏணியின் படிகளைக் காலால் தடவித் தடவி இறங்கினார். கீழே என் அக்கா சவேரியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

“பாத்து ஆசாரி. மூலை இடிச்சிடப் போவுது.”

“என்னம்மா மரம் இது? தோளை முறிக்குது. நம்ம பக்கத்து மரம் இல்லியே.”

“சைகோன் மரம். எந்த மரமா இருந்தா என்ன, நாலு கட்டில் தேறுமா, அதச் சொல்லுங்க.”

ஆசாரி பலகைகளை முற்றத்தில் பரப்பி அளந்தார். இன்னொரு தடவையும் அளந்தார். அப்புறம் நிமிர்ந்து அக்காவைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். அது தொழில்காரரின் பார்வை.

“அம்மா, இது கட்டிலுக்கு அறுத்த அளவு இல்லீங்களே.”

“இல்லதான்,” என்றாள் அக்கா. “எனக்கு அறுத்த அளவு.”

ஆசாரி கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“அக்கா, அது அத்தான் உனக்குன்னு வச்சிட்டுப் போனது.”

“அதான் எனக்கும் தெரியுமே. எனக்குன்னு வச்சத நான் குடுக்கலாம்ல? நீ தள்ளி நில்லு, ஆசாரிக்கு வெளிச்சம் மறைக்குது.”

தலத்தெரு வீட்டின் முற்றத்தில் புயலுக்குப் பிந்திய வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சுவர்களில் இடுப்பளவுக்கு ஈரக்கோடு இன்னும் காயவில்லை.

ஒரு திருத்தம்

அந்தப் புயல் புதன்கிழமை வந்தது என்று போன வாரம் எழுதியிருந்தேன். வியாழன் என்று கோவில்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அன்றைக்கு அவருடைய சித்தப்பாவுக்கு நிச்சயதார்த்தம், பந்தல் பறந்துவிட்டது என்கிறார். பந்தல் பறந்தவர் சொல்வதை நான் மறுக்க முடியாது. வியாழன் என்றே திருத்தி வாசிக்கவும்.

தேதி கேட்டும் சிலர் எழுதுகிறார்கள். அந்த வருடத்து என் குறிப்பேடு வெள்ளத்தில் ஊறிவிட்டது. கிழமைகள் சில மிஞ்சின, தேதிகள் கரைந்துபோயின. பிரெஞ்சுக்காரர்களின் மூவண்ணக் கொடி இறங்கி நம்முடைய மூவண்ணக் கொடி ஏறிய பிறகு வந்த புயல் என்பது நிச்சயம். அதற்கு மேல் ஊகித்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

நான் அப்போது பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிகிற அலுவலகத்தில் குமாஸ்தா. ‘எத்தா சிவில்’ என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பிறந்த நேரம், தகப்பன் பெயர், தகப்பனைப் பெற்றவர் பெயர், தொழில், குடியிருப்பு, சாட்சிகள் இருவர். ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பக்கம் செல்லாது. பேனா பிடித்த நாளிலிருந்து, ஒன்றைப் பாதி சொல்லி நிறுத்த எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

சைகோனிலிருந்து வந்த கட்டு

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் சுங்க அலுவலகத்தில் வேலை. எங்கள் ஊர்க்காரர்கள் விடுப்பில் வரும்போது பட்டு வரும், அரக்குப் பெட்டி வரும், ஒருவர் வீட்டுக்குப் பாடும் பெட்டிகூட வந்தது. அத்தானின் கடைசி விடுப்பில் புதுச்சேரித் துறையில் இறங்கி, வண்டி கட்டிக் காரைக்காலுக்கு வந்தது கோணி சுற்றிய ஒரு பெரிய பலகைக் கட்டு. இரண்டு சவப்பெட்டிக்கான பலகைகள். ஒன்று அவருக்கு, ஒன்று அக்காவுக்கு.

இது ஏன் என்று இன்றைய வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அடக்கத்துக்கும் வகுப்பு உண்டு. முதல் வகுப்பு என்றால் கோயில் வாசலுக்குக் கறுப்புத் துணி, பீடத்தில் பெரிய மெழுகுவர்த்திகள், மூன்று சாமியார்கள், பாண்டு வாத்தியம். இரண்டாம் வகுப்புக்கு அதில் பாதி. மூன்றாம் வகுப்புக்கு ஒரு சாமியார், ஒரு மணி. சொந்தப் பெட்டி இல்லாதவர்களுக்குக் கோயில் பெட்டி. கறுப்பு வர்ணம் அடித்து, மூடியில் வெள்ளைச் சிலுவை போட்ட ஒரே பெட்டி. மணிக்கூண்டுப் படிக்கட்டின் கீழே கிடக்கும். அதில் வைத்துக் கல்லறைக்குத் தூக்கிப் போவார்கள். குழியண்டை போனதும் உடலைப் பாயோடு எடுத்து மண்ணில் இறக்கிவிட்டு, பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

அத்தானின் அப்பா அப்படித்தான் போனார். வெறும் பெட்டி திரும்பிப் போவதை மகன்கள் இருவரும் நின்று பார்த்தார்கள். “அந்தப் பெட்டி திரும்பிப் போச்சு பாருங்க, அத என்னால மறக்க முடியல,” என்று அத்தான் என்னிடமே ஒருமுறை சொன்னார். அவர் கடல் தாண்டிப் போய் உழைத்ததில் பாதி அந்தக் காட்சியை அழிப்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

கடைசியில் அவர் சைகோனிலேயே காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமானார். இரண்டு பேருக்கான பலகையும் இங்கே பரணில் தங்கிவிட்டது.

சாம்பல் புதன் வழக்கம்

அத்தானுக்குப் பிறகு அக்காவுக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிற வீடு என்றால் ஊரில் ஒரு தோற்றம் இருக்கும். அக்கா வீட்டில் அது கிடையாது. உடுத்த இரண்டு வெள்ளைப் புடவை, பூசைக்கு ஒன்று. ஒரு தட்டு, ஒரு குவளை. விருந்தாளி வந்தால் வாழை இலை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து மண்கலயத்தில் போடுவாள். கலயம் நிறைந்தால் அது வீட்டை விட்டுப் போய்விடும். எங்கே போகிறது என்று சொல்லமாட்டாள்.

வருடா வருடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலைக்கூடத் துடைக்காமல் வீட்டை ஒரு சோதனை போடுவாள். போன சாம்பல் புதனிலிருந்து தொடாத பொருள் எதுவானாலும் முற்றத்துக்கு வந்துவிடும். “இது நம்ம வீட்டுக்குத் தப்பா வந்து தங்கியிருக்கு,” என்பாள். சாயங்காலத்துக்குள் முற்றம் காலியாகிவிடும். அத்தானின் கம்பளிக் கோட்டு அப்படித்தான் போயிற்று. வாங்கிக்கொண்டுபோன தேங்காய் வண்டிக்காரர் மழைநாளில் அதை மாட்டுக்குப் போர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன். அக்காவிடம் சொன்னேன். “மாட்டுக்கும் குளிரும்ல,” என்றாள்.

அவளுடைய இன்னொரு பழக்கம், யாரையும் ‘ங்க’ போட்டே பேசுவது. கூலிக்காரர், கீரைக்காரி, யாராயிருந்தாலும். அத்தானின் தம்பி லூர்துசாமிக்கு அது பிடிக்காது. அவரும் சைகோனில் இருந்து திரும்பி, ஓய்வூதியத்தோடு அதே தெருவில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “அண்ணி, நீங்க குடுக்குறது குடுங்க. கும்பிட்டு வேற குடுக்கணுமா?” என்பார்.

பலகைகளை மட்டும் அக்கா ஒவ்வொரு சாம்பல் புதனும் விட்டுவிடுவாள். தொடாத பொருள்தான், ஆனால் தொடப்போகிற பொருள் என்று கணக்கு.

நெடுங்காட்டுத் தரை

புயலுக்கு அடுத்த வாரம் அடுத்த தெரு மரைக்காயர் தன் வீட்டு வண்டியைக் கொடுத்தார். கலயத்து அரிசியும் பழந்துணியும் ஏற்றிக்கொண்டு நெடுங்காட்டுப் பக்கம் போனோம். வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் எங்கும் ஒரே செந்தண்ணீர். கூலிக்குடும்பங்கள் இருந்த தெருவில் தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் குடிசைகளுக்குள் தரை சேறாகவே கிடந்தது.

ஒரு குடிசையில் பிள்ளை பெற்று ஐந்து நாள் ஆன பெண் ஒருத்தி. பெயர் அஞ்சலை. நனைந்த வைக்கோலின் மேல் படுத்திருந்தாள். குழந்தையை முறத்தில் போட்டு, முறத்தைக் கவிழ்த்த உரலின் மேல் வைத்திருந்தார்கள். வீட்டில் ஈரம் படாத இடம் அது ஒன்றுதான்.

“அதுக்கு ஒரலு இருக்கு. எனக்கு?” என்று அஞ்சலை சிரித்தாள். சிரித்தபோது பற்கள் கிடுகிடுத்தன.

அக்கா குனிந்து தரையை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் எடுத்த குழியில் தண்ணீர் ஊறியது. அஞ்சலையின் மாமியார் காத்தாயி, அந்தத் தெருவில் இந்த மாதத்தில் இன்னும் இரண்டு பேருக்குப் பேறுகாலம் என்றாள். போன மழையில் ஒருத்தி இப்படி ஈரத்தில் கிடந்தே ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்ததையும் சொன்னாள்.

திரும்பும் வழியெல்லாம் அக்கா விரலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். தலத்தெரு முனையில் வண்டி திரும்பும்போது, “தம்பி, நாளைக்குக் காலைல ஆசாரிய வரச் சொல்லு,” என்றாள்.

செய்தி லூர்துசாமிக்கு எட்டியது. அறுத்த பலகைகள் முற்றத்தில் கிடக்கும்போதே வந்து நின்றார்.

“அண்ணி, அண்ணன் உங்களுக்கு ஆசையா கொண்டாந்தது.”

“ஆசையாதான் கொண்டாந்தாரு.”

“நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? உங்களையும் கோயில் பெட்டில தூக்கணுமா?”

“தூக்குங்களேன். எனக்கு அப்ப என்ன தெரியப் போவுது? அஞ்சலைக்கு இப்ப தெரியுது.”

லூர்துசாமி என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன். ஆசாரி உளியைப் பார்த்தார்.

நான் செய்த தவறு

புயலில் விழுந்த பூவரசில் கால்கள். மேலே சைகோன் பலகை. குட்டையாக, அகலம் குறைவாக, ஆனால் யானை ஏறினாலும் அசையாத நான்கு கட்டில்கள். மரைக்காயர் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். எந்த வீட்டில் பேறுகாலமோ அந்த வீட்டுக்குப் போவது, முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு மாறுவது என்று அக்கா ஏற்பாடு சொன்னாள். காத்தாயிக்கு முகம் மலர்ந்துவிட்டது. முழங்கையால் பலகையைத் துடைத்துப் பார்த்தாள்.

“என்ன வழவழன்னு இருக்கு. வாசனையா வேற இருக்கு. இது எந்த ஊரு மரமுங்க?”

கேள்வி என்னைப் பார்த்து வந்தது. “சைகோன்” என்று ஒரு சொல் போதும். நான் அத்தோடு நிறுத்தவில்லை. எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் துறையில் இறங்கியது, யார் வாங்கினார், யாருக்காக, எதற்காக என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். கடைசிச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் சுற்றிலும் பேச்சு அடங்கியிருப்பது தெரிந்தது.

காத்தாயி கட்டிலிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“பொணப்பெட்டிப் பலகையா?”

அவள் திரும்பி அஞ்சலை படுத்திருந்த பக்கம் பார்த்தாள்.

“எம் மருமவ பச்ச உடம்புக்காரி. அவளப் பொணப் பலகைலயா படுக்கச் சொல்றீங்க? எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. உங்க நல்ல மனசு உங்களோட இருக்கட்டும்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “முடிச்சிட்டியா? சாட்சி ரெண்டு பேருகிட்ட கையெழுத்தும் வாங்கிடு.”

எனக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

அக்கா காத்தாயியோடு வாதாடவில்லை. வேதம் சொல்லவும் இல்லை. வண்டியிலிருந்து இறக்கிய ஒரு கட்டிலின் மேல் உட்கார்ந்தாள்.

“காத்தாயி, இது யாருக்கு வச்ச பலகை? எனக்கு. அப்ப காவு வாங்குறதா இருந்தா என்னத்தான வாங்கணும்? நான் படுக்கிறேன். படுத்து எழுந்திரிச்சிட்டா இது வெறும் மரம்னு ஒத்துக்குவீங்களா?”

கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காத்தாயி யோசித்தாள்.

“எத்தன நாளைக்கு?”

“நீங்க சொல்லுங்க.”

“பதினாறு.” சாவு வீட்டில் காரியம் செய்கிற கணக்கு அது.

“பதினாறு நாள்ல உங்க பேரப்புள்ள எழுந்து நடந்துடும். நாலு.”

“நாலு நாள்ல என்ன தெரியும்? பன்னெண்டு.”

“கட்டிலு நாலு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நாள். எட்டு. அதுக்கு மேல பேசாதீங்க.”

மீன் பேரம்போல அது முடிந்தது. அக்காவுக்கு இழுப்பு நோய் உண்டு என்பது காத்தாயிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஈரக் காற்று பட்டால் இரண்டு நாள் படுத்துவிடுவாள். அந்தக் குடிசைக்குள் எட்டு நாள்.

எட்டு நாள்

தினமும் அலுவலகம் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுங்காட்டுக்குப் போனேன். சாலை பாதி அரித்துப்போயிருந்தது. சைக்கிளை மிதித்த நேரத்தைவிடச் சுமந்த நேரம் அதிகம்.

முதல் இரண்டு நாள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து கீரை ஆய்ந்தாள். கையில் செபமாலையோடு உதடசைவதைப் பார்த்துக் காத்தாயி, “என்னம்மா முணுமுணுக்கிறீங்க?” என்று கேட்டாளாம். “உங்க எட்டு நாளத்தான் எண்ணுறேன்,” என்றாளாம் அக்கா.

மூன்றாம் நாள் அக்கா இரண்டாவது கட்டிலுக்கு மாறினாள். அன்று மாலை நான் போனபோது முதல் கட்டிலில் அஞ்சலை படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை. காத்தாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“யாருடி உன்ன அதுல ஏறச் சொன்னது?”

“கட்டிலுக்கு ரெண்டு நாள்னு நீதான அத்த ஒத்துக்கிட்ட? இந்தக் கட்டிலு கணக்கு முடிஞ்சிடுச்சில்ல?”

காத்தாயி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, அது சிரிப்பு.

ஐந்தாம் நாளே மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆறாம் நாள் படுக்க முடியவில்லை. கட்டிலின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பலகையில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்தாள். நான் வண்டியோடு போயிருந்தேன்.

“போதும்க்கா. வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

அவள் தலையை ஆட்டினாள். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

“தம்பி, நான் இங்கேருந்து... படுத்துக்கிட்டுப் போனா... நாலு கட்டிலும் அடுப்புக்குத்தான். நடந்துதான்... போவணும்.”

“செத்துப்போனா?”

“இங்க சாவமாட்டேன். சாவுறதுக்கு... இது இடம் இல்ல. ஒண்ணு ஆச்சுன்னா... உக்கார வச்சே வண்டில ஏத்து. உயிரோட போறேன்னு... சொல்லு. நீ பொய் சொல்லமாட்ட... தெரியும். பேசாமயாவது இரு.”

காத்தாயி அடுப்பில் தூதுவளையும் மிளகும் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். குவளையோடு வந்து அக்காவின் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“வீம்புக்காரி,” என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு என்னிடம்: “படுக்கணும்னுதான பேச்சு, உக்காந்திருக்காங்கன்னு யாராச்சும் சொன்னா எங்கிட்ட வரட்டும். படுத்தா என்ன, உக்காந்தா என்ன. பலகைக்குத் தெரியவா போவுது?”

“எட்டு நாள்னு பேசினது நீங்கதானே. இத்தோட விட்டுடலாமே,” என்றேன்.

காத்தாயி வெளியே கூடி நின்ற பெண்களைக் கண்ணால் காட்டினாள். “நான் வுட்டுடுவேங்க. அவளுங்க வுடணுமே.”

எட்டாம் நாள் முடிந்த காலையில் அக்கா கட்டிலை விட்டு எழுந்தாள். குடிசை வாசலைக் குனிந்து தாண்டினாள். தெருவின் கோடியில் வண்டி நின்றது. அந்தத் தூரத்தை நடந்தாள். இரண்டு தடவை நின்றாள். காத்தாயி பின்னாலேயே வந்தாள், கையை நீட்டியபடி, ஆனால் தொடவில்லை. தொட்டால் நடந்ததாகாது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அக்கா இருமினாள்.

காத்தாயி திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். “ரெண்டு பேரு வாங்கடி. கெழக்கால வீட்டுக்காரிக்கு வலி எடுத்திருக்கு. ஒரு கட்டில அங்க தூக்கிப் போடணும்.”

கோயில் பெட்டி

அக்கா அதன் பிறகு சில வருடங்கள் இருந்தாள். ஒரு தை மாதத்து விடியலில், தன் பாயில் படுத்தபடி இறந்துபோனாள். என் கையால் அவள் எழுதச் சொன்ன காகிதம் என்னிடம் இருந்தது. மூன்றே வரி. மூன்றாம் வகுப்பு. கோயில் பெட்டி. கட்டில் கால்களைக் கரையான் அரிக்கும், பார்த்துக்கொள்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை ஆள் வைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது லூர்துசாமி வாசலில் நின்றார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். முதல் வகுப்புக்கு அவரே கோயிலில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“அந்தப் பெட்டி இந்த வாசல் ஏறாது.”

“அக்கா எழுதி வச்சது...” என்று காகிதத்தை நீட்டினேன்.

“எழுதட்டும். எங்க அப்பாவ அதுலேருந்து தூக்கி மண்ணுல வச்சாங்க மச்சான். பெட்டி திரும்பிப் போச்சு. நீங்க பாக்கல. நான் பாத்தேன்.” அவர் மறித்து நின்றது கௌரவத்துக்காக மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பெட்டி தெருவில் வெயிலில் கிடந்தது. இப்படியே நேரம் போனது.

அப்போது தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி திரும்பியது. முன்னால் நடந்து வந்தவள் காத்தாயி. வண்டியில் மூன்று கட்டில்கள், தலைகீழாகக் கவிழ்த்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தன.

காத்தாயி உள்ளே போய் அக்காவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

“அவங்க பலகையக் கொண்டாந்திருக்கோமுங்க. ஆசாரிய வச்சு அடிச்சிக்கிங்க. அவங்களுக்குன்னு வச்சது. ஒண்ணு மட்டும் வரல. அஞ்சலை அதுலதான் கெடக்கா, முந்தாநாளுதான் பெத்தா. எழுப்ப மனசு வரல.”

லூர்துசாமி வண்டிக்கு ஓடினார் என்றே சொல்ல வேண்டும். பலகையைத் தடவினார். “பாத்தீங்களா மச்சான்? அண்ணன் வச்சது அவங்களுக்கே வந்திடுச்சு. மூணு கட்டிலு போதும். ஆசாரிக்கு ஆள் அனுப்புங்க.”

தெருவே என்னைப் பார்த்தது. சரி என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்காவுக்கு நல்ல பெட்டி. லூர்துசாமிக்கு நிம்மதி. கொண்டு வந்தவர்களுக்கும் சந்தோஷம். கையிலிருந்த காகிதம் ஒருவருக்கும் குறுக்கே நின்றிருக்காது.

“காத்தாயி,” என்றேன். “தெருவுல இப்ப யாரு முழுகாம இருக்கா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “செல்லம்மா. தை முடியுறதுக்குள்ள ஆயிடும். அப்புறம் நம்ம வடக்கு வீட்டுப் பொண்ணு.”

“அப்ப இதத் திருப்பிக் கொண்டு போயிடுங்க. கால் ஆடுற கட்டில மட்டும் இறக்குங்க. ஆசாரிகிட்ட காலு மாத்தி நானே கொண்டாந்து தரேன்.”

“மச்சான்,” என்றார் லூர்துசாமி. குரலில் அதட்டல் இருந்தது.

“இல்லீங்க,” என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் ‘இல்லை’ அது. “எட்டு நாள் அதுல உக்காந்து அக்கா அத வெறும் மரமாக்கினா. நாம திரும்பப் பொணப் பலகையாக்க வேணாம்.”

கால் ஆடிய கட்டிலை இறக்கினார்கள். கவிழ்ந்திருந்த அதன் அடிப்பக்கத்தில், ஆசாரியின் இழைப்புளி படாத இடத்தில், மங்கலாக ஒரு பென்சில் எழுத்து இருந்தது: ‘தலைமாடு’. அத்தானின் கையெழுத்து. லூர்துசாமி அதைக் கட்டை விரலால் தொட்டபடி நின்றார்.

“இதுல எத்தன புள்ளைங்க பொறந்திருக்கும்?” என்று காத்தாயியைக் கேட்டார்.

“யாருங்க எண்ணுனா?” என்றாள் காத்தாயி. “இதோட தலைமாட்டுலதான் வெளக்கு வைப்போம்.”

லூர்துசாமி கோட்டைக் கழற்றி வேலிப்படலில் போட்டார். தெருவில் கிடந்த கோயில் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். “ம், தூக்குங்க,” என்றார் கோயில் பிள்ளையைப் பார்த்து. “வெயில் ஏறுது.”

ஒரு சாமியார், ஒரு மணி. அக்காவை அவள் பாயோடு இறக்கினோம். பெட்டி திரும்பிப் போனது. லூர்துசாமியும் நானும் அது போவதை நின்று பார்த்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பெட்டி கோயில் பக்கம் திரும்பிய அதே நேரத்தில், நெடுங்காட்டுச் சாலையில் இரண்டு கட்டில்களோடு அந்த மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது.

எத்தனை பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். நெடுங்காட்டுப் பிறப்புப் பதிவேட்டின் இரண்டாம் படியை வருடா வருடம் ஒப்பிட்டுச் சரிபார்த்தவன் நான். அந்தத் தெருவின் ஒவ்வொரு பிறப்பும் நாள், நேரம், தகப்பன் பெயர், சாட்சிகளோடு என் பார்வைக்கு வந்தது. லூர்துசாமி அன்று கேட்டபோது எண்ணிக்கை என் நுனிநாக்கில் இருந்தது. சொல்லவில்லை. அக்கா எண்ணியதில்லை. இங்கேயும் அதை எழுதாமல் விடுகிறேன்.